எல்லோருக்கும் கொஞ்சம் தெரிந்திருந்தது

இங்கிலாந்தில் ஏறத்தாழ 50,000 குழந்தைகள் கவுன்சில்களின் ‘பாதுகாப்புத் திட்ட’த்தின் கீழ் வாழ்கிறார்கள். ஆசிரியர், போலீஸ், நர்ஸ், டாக்டர் எனப் பலரிடம் சிதறிக் கிடக்கும் தகவல்களைச் சேர்த்து ஒரு குழந்தையைக் காப்பாற்றுவது எப்படி? சேர்த்த பிறகும் சில குழந்தைகள் ஏன் பலியாகிறார்கள்?

உதாரணத்துக்கு ஒரு சிறுமியை வைத்துக்கொள்வோம். வயது 5. இங்கிலாந்தின் ஏதோ ஒரு நகரம். திங்கட்கிழமைகளில் அவள் பள்ளிக்குத் தாமதமாக வருகிறாள், மதியச் சாப்பாட்டை இரண்டாம் முறை கேட்டு வாங்குகிறாள் என்பது வகுப்பாசிரியருக்குத் தெரியும். அவளுடைய தம்பிக்குத் தடுப்பூசிகள் தவறிப்போயிருப்பது குடும்ப மருத்துவரின் கணினியில் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் கூச்சல் கேட்டு அழைத்ததால் போலீஸ் இரண்டு முறை வந்து, யாரையும் கைது செய்யாமல் திரும்பியிருக்கிறது. வாடகை பாக்கி ஏறிக்கொண்டே போவது வீட்டுவசதி அலுவலருக்குத் தெரியும். மருமகன் வேலையை விட்டதிலிருந்து குடி அதிகமாகிவிட்டது என்பது இரண்டு தெரு தள்ளி இருக்கும் பாட்டிக்குத் தெரியும்.

இவற்றில் எந்த ஒன்றும் தனியாக அபாய மணி அடிக்காது. தாமதமாக வரும் குழந்தைகள் எல்லாப் பள்ளியிலும் உண்டு. வாடகை பாக்கி வைக்காத தெரு எது? ஐந்தையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கும்போதுதான், அந்த வீட்டில் ஒரு குழந்தை என்ன அனுபவிக்கிறது என்பது புலப்படத் தொடங்கும். அந்த மேசையைப் போடுவது யார்? எத்தனை நாளுக்குள் போட வேண்டும்? போட்டபின் ஒவ்வொருவரும் சொன்னதைச் செய்தார்களா என்று கேட்பது யார்? இங்கிலாந்தில் இந்தக் கேள்விகளுக்கான பதில் உள்ளூர் நிர்வாகத்திடம், அதாவது கவுன்சிலிடம் இருக்கிறது. இந்தப் பதிலை அந்த நாடு உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்துவிடவில்லை. குழந்தைகளின் மரணங்கள்தான் ஒவ்வொரு வரியாக அதை எழுத வைத்தன.

மரியா முதல் விக்டோரியா வரை

1973 ஜனவரியில் பிரைட்டன் நகரத்தில் மரியா கோல்வெல் என்ற 7 வயதுச் சிறுமியை அவளுடைய மாற்றாந்தந்தை அடித்துக் கொன்றார். உறவினர் வீட்டில் நன்றாக வளர்ந்துகொண்டிருந்தவள், பெற்ற தாயிடம் திருப்பி அனுப்பப்பட்டிருந்தாள். அக்கம்பக்கத்தாரும் ஆசிரியர்களும் பலமுறை எச்சரித்திருந்தார்கள். எச்சரிக்கைகள் வெவ்வேறு அலுவலகங்களில் வெவ்வேறு கோப்புகளில் தங்கிப்போயின. 1974-ல் விசாரணை அறிக்கை வெளிவந்ததும், பல துறையினர் கூடிப் பேசும் கூட்டங்களும், ஆபத்தில் இருக்கும் குழந்தைகளின் பதிவேடும் நாடு முழுக்க நடைமுறைக்கு வந்தன. இன்றைய அமைப்பின் வேர் அதுதான்.

அடுத்து வந்தது 1989-ம் ஆண்டின் குழந்தைகள் சட்டம். சமூகப் பணியாளர்கள் மூச்சுக்கு மூச்சு உச்சரிக்கும் இரண்டு எண்கள் இந்தச் சட்டத்தில் இருக்கின்றன: 17, 47. 17-ம் பிரிவு, உதவி தேவைப்படும் குழந்தைகளுக்கானது. பெற்றோரின் சம்மதத்தோடு நடப்பது. 47-ம் பிரிவு, ஒரு குழந்தை கடுமையான தீங்குக்கு ஆளாகிறது அல்லது ஆளாகக்கூடும் என்று சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால் கவுன்சில் விசாரித்தே தீர வேண்டும் என்கிறது. இங்கே பெற்றோர் மறுத்தாலும் விசாரணை நிற்காது.

சட்டம் வந்துவிட்டது, கூட்டங்கள் வந்துவிட்டன. ஆனாலும் 2000-ம் ஆண்டு பிப்ரவரி 25-ம் தேதி லண்டன் மருத்துவமனையில் விக்டோரியா கிளிம்பியே இறந்தாள். வயது 8. ஐவரி கோஸ்ட்டில் பிறந்தவள். நல்ல படிப்புக் கிடைக்கும் என்று நம்பிப் பெற்றோர் அவளை உறவுக்காரப் பெண் ஒருவரோடு ஐரோப்பாவுக்கு அனுப்பிவைத்தார்கள். 1999 ஏப்ரலில் பாரிஸ் வழியாக லண்டனுக்கு வந்தாள். பிரேதப் பரிசோதனையில் அவள் உடலில் 128 காயத் தடங்கள் எண்ணப்பட்டன. உறவுக்காரப் பெண்ணுக்கும் அவருடைய ஆண் துணைக்கும் ஆயுள் தண்டனை கிடைத்தது.

நாட்டை உலுக்கியது அடுத்த தகவல். விக்டோரியாவை யாருமே பார்க்காமல் இல்லை. லண்டனில் அவள் வாழ்ந்த 10 மாதங்களில் 4 கவுன்சில்களின் சமூக சேவைத் துறைகள், 2 மருத்துவமனைகள், போலீஸின் 2 குழந்தைப் பாதுகாப்புக் குழுக்கள், ஒரு தொண்டு நிறுவனத்தின் மையம் என அத்தனையிலும் அவள் பெயர் பதிவாகியிருந்தது. அதுவும் ‘அன்னா’ என்ற பொய்ப் பெயர். ஒரு மருத்துவமனையில் அவள் தோலில் இருந்த தடங்களைச் சொறிசிரங்கு என்று முடிவுகட்டினார்கள். இன்னொன்றில் வெந்நீர்க் காயத்தோடு கிட்டத்தட்ட இரண்டு வாரம் படுத்திருந்தவள், அதே பெண்ணின் கையில் ஒப்படைக்கப்பட்டாள். பிரெஞ்சு பேசும் அந்தக் குழந்தையிடம் அவளுடைய மொழியில், அமைதியாக, தனியாக உட்கார்ந்து பேச எந்தச் சமூகப் பணியாளருக்கும் தோன்றவில்லை.

லார்டு லேமிங் தலைமையிலான விசாரணை 2003-ல் அறிக்கை தந்தது. 108 பரிந்துரைகள். அவளைக் காப்பாற்றியிருக்கக்கூடிய 12 வாய்ப்புகள் நழுவவிடப்பட்டன என்றது அறிக்கை. அவற்றில் சிலவற்றுக்கு ஒரு மேலதிகாரி கோப்பைப் புரட்டியிருந்தாலோ, ஒரு நேரடிக் கேள்வியைக் கேட்டிருந்தாலோ போதும். அதன் விளைவாக வந்த 2004-ம் ஆண்டுச் சட்டம், கவுன்சில், மருத்துவம், போலீஸ் எனப் பல துறைகளுக்கும் குழந்தைப் பாதுகாப்பில் சட்டப்பூர்வக் கடமையை விதித்தது. ஒவ்வொரு கவுன்சிலிலும் குழந்தைகளுக்கென ஓர் இயக்குநர் பொறுப்பேற்றார். 2008-க்குள் பழைய பதிவேடு ஒழிந்து, ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு ‘பாதுகாப்புத் திட்டம்’ என்ற முறை வந்தது. பட்டியலில் பெயர் இருப்பது முக்கியமில்லை, அந்தப் பெயருக்காக யார் என்ன செய்கிறார் என்பதே முக்கியம் என்ற எண்ணம் இதன் பின்னால் இருந்தது.

ஓடும் கடிகாரம்

இந்தத் திட்டம் எப்படி உருவாகிறது? அரசின் வழிகாட்டி நூல் ஒன்று உண்டு. 2023-ல் புதுப்பிக்கப்பட்டது. அதன்படி எல்லாமே வேலை நாள் கணக்கு.

பள்ளியோ மருத்துவரோ அண்டை வீட்டாரோ கவுன்சிலுக்குத் தகவல் தந்தால், அடுத்து என்ன செய்வது என்பதை 1 வேலை நாளுக்குள் முடிவுசெய்ய வேண்டும். பல இடங்களில் போலீஸ், சுகாதாரத் துறை, கவுன்சில் மூன்றும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து இந்தத் தகவல்களை வடிகட்டுகின்றன. சந்தேகம் வலுவானது என்றால் இந்த மூவரும் உடனடியாக ஆலோசிக்கிறார்கள்: குழந்தை இன்றிரவு அந்த வீட்டில் இருக்கலாமா, மருத்துவப் பரிசோதனை தேவையா, போலீஸ் விசாரணையும் சமூக சேவை விசாரணையும் ஒன்றாக நடக்க வேண்டுமா? அந்த ஆலோசனையிலிருந்து 15 வேலை நாளுக்குள் முதல் பாதுகாப்புக் கூட்டம் நடக்க வேண்டும்.

ஒரு வருடத்தில் இங்கிலாந்து முழுக்க 2 லட்சத்துக்கும் அதிகமான 47-ம் பிரிவு விசாரணைகள் நடக்கின்றன. இவற்றில் ஒரு பகுதிதான் திட்டமாக முடிகிறது. திட்டத்தின் கீழ் வரும் குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்குக் காரணம் அடியோ பாலியல் வன்முறையோ இல்லை, கவனிப்பின்மை. பசி, அழுக்கு, வைத்தியம் பார்க்காமை, தனியே விடப்படுதல். ஒரே ஒரு நாளில் நடந்துவிடாத, படம் பிடித்துக் காட்ட முடியாத தீங்கு இது. அதனால்தான் பலர் சொல்லும் துணுக்குகளைத் தேதிவாரியாக அடுக்கிப் பார்ப்பது உயிர்நாடியாகிறது. சமூகப் பணியாளர்கள் தயாரிக்கும் காலவரிசைத் தாளில் ‘மார்ச் 3, பள்ளிக்கு வரவில்லை’, ‘மார்ச் 4, போலீஸ் வருகை’, ‘மார்ச் 5, மருத்துவர் சந்திப்பு ரத்து’ என்று மூன்று வரிகள் அடுத்தடுத்து வரும்போது, மூன்று அலுவலகங்களில் இருந்த மூன்று சாதாரணச் சேதிகள் ஒரே சம்பவமாக மாறுகின்றன.

கூட்டத்தில் யார் யார்? சமூகப் பணியாளர், பள்ளியின் பாதுகாப்புப் பொறுப்பாசிரியர், சிறு குழந்தை என்றால் வீட்டுக்கு வரும் ஹெல்த் விசிட்டர், போலீஸ் பிரதிநிதி, தேவைப்பட்டால் போதை மீட்பு மையத்தினர். குடும்ப மருத்துவர் பெரும்பாலும் வருவதில்லை, அறிக்கை அனுப்புவார். முக்கியமாக, பெற்றோரும் இருப்பார்கள். அறிக்கைகள் அவர்களுக்கு முன்கூட்டியே தரப்பட வேண்டும். வழக்கறிஞரையோ ஆதரவாளரையோ அழைத்து வரலாம். குழந்தைக்கு வயதும் புரிதலும் இருந்தால் அவளும் வரலாம். இல்லாவிட்டால் அவள் சொன்னதை அவளுக்காகப் பேசுபவர் எடுத்துச் சொல்வார்.

தலைமை தாங்குபவர் கவுன்சிலின் ஊழியர்தான். ஆனால், அந்தக் குடும்பத்தைக் கவனிக்கும் சமூகப் பணியாளருக்கோ அவருடைய மேலாளருக்கோ கட்டுப்பட்டவராக இருக்கக் கூடாது. இந்த இடைவெளி வேண்டுமென்றே வைக்கப்பட்டது. சொந்தத் துறையையே பார்த்து, ‘போன முறை சொன்ன வேலை ஏன் நடக்கவில்லை?’ என்று கேட்க வேண்டியவர் அவர். எல்லோர் கருத்தையும் கேட்டபின், குழந்தை கடும் தீங்குக்கு ஆளாகியிருக்கிறதா அல்லது ஆளாகும் வாய்ப்பு இருக்கிறதா என்பதைத் தீர்மானிக்கிறார். ஆம் என்றால் திட்டம். கவனிப்பின்மை, உடல்ரீதியான வதை, பாலியல் வதை, மனரீதியான வதை என நான்கு வகைகளில் அது பதிவாகும்.

கூட்டம் முடிந்தபின் கடிகாரம் மறுபடி ஓடுகிறது. குடும்பத்தோடு நேரடியாக வேலை செய்யும் சிலரைக் கொண்ட மையக் குழு, 10 வேலை நாளுக்குள் கூட வேண்டும். 3 மாதத்துக்குள் மறு ஆய்வுக் கூட்டம். அதன்பின் 6 மாதத்துக்கு மிகாமல் ஒவ்வொன்றும். இந்தத் தேதிகளை ஒழுங்குபடுத்தி, அழைப்பு அனுப்பி, வராதவரைத் துரத்தி அறிக்கை வாங்கி, மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்து, குறிப்பெடுத்து, முடிவுகளை எல்லோருக்கும் உடனே அனுப்பிவைக்கும் ஒருங்கிணைப்பு ஊழியர்கள் ஒவ்வொரு கவுன்சிலிலும் இருக்கிறார்கள். எந்த விசாரணை அறிக்கையிலும் பாராட்டப்படாத வேலை இது. ஆனால், ஒரு பள்ளிக்கு அழைப்பு போகவில்லை என்றால், அந்தக் குழந்தையைத் தினமும் 6 மணி நேரம் பார்க்கும் ஒரே நபர் அந்த மேசையில் இருக்க மாட்டார்.

நல்ல திட்டம், மோசமான திட்டம்

திட்டம் என்பது ஒரு தாள். அதில் எழுதப்படும் வாக்கியங்களைப் பொறுத்தது எல்லாம்.

‘தாய், குழந்தை வளர்ப்பு வகுப்புக்குச் செல்ல வேண்டும். வீட்டைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். அதிகாரிகளோடு ஒத்துழைக்க வேண்டும்.’ இப்படி எழுதுவது சுலபம். தாய் எல்லா வகுப்புக்கும் போய்வருவார். கட்டத்தில் டிக் விழும். நம் சிறுமி அப்போதும் காலையில் பட்டினியாகத்தான் பள்ளிக்கு வந்துகொண்டிருப்பாள். வகுப்புக்குப் போனது பெற்றோரின் நடவடிக்கை. குழந்தையின் வாழ்க்கையில் எது மாறியது என்பதற்கு அதில் பதில் இல்லை.

நல்ல திட்டம் வேறு மாதிரி பேசும். ‘பள்ளி நாள்களில் சிறுமி காலையில் சாப்பிட்டுவிட்டு 8.50-க்குள் வகுப்பில் இருப்பாள். வகுப்பாசிரியர் இதைத் தினமும் குறித்து மையக் குழுவுக்குக் கொண்டுவருவார். தம்பியின் தடுப்பூசிகள் இந்த மாதத்துக்குள் போடப்படும். ஹெல்த் விசிட்டர் பொறுப்பு. அப்பா குடித்துவிட்டு வரும் இரவுகளில் பிள்ளைகள் பாட்டி வீட்டில் தூங்குவார்கள்; பாட்டி சம்மதித்திருக்கிறார். 3 மாதத்தில் இவை நடக்காவிட்டால் கவுன்சில் வழக்கறிஞரின் ஆலோசனையைக் கேட்கும்.’ இதில் குழந்தையின் நாள் இருக்கிறது, பொறுப்பாளர் இருக்கிறார், தேதி இருக்கிறது, தவறினால் என்ன என்பதும் இருக்கிறது. பெற்றோருக்கும் தாங்கள் எதை மாற்ற வேண்டும் என்பது குழப்பமில்லாமல் புரியும்.

1990-களில் மேற்கு ஆஸ்திரேலியாவில் உருவாகி இங்கிலாந்தின் பல கவுன்சில்களுக்கு வந்து சேர்ந்த ஒரு முறையில், கூட்டத்தில் இருக்கும் ஒவ்வொருவரும் 0 முதல் 10 வரை ஒரு மதிப்பெண் தர வேண்டும். 0 என்றால் குழந்தைக்கு நிச்சயம் ஆபத்து. 10 என்றால் கவுன்சில் விலகிக்கொள்ளலாம். பெற்றோரும் தருவார்கள். ஆசிரியர் 3 என்றும் அம்மா 8 என்றும் சொல்லும்போதுதான் உண்மையான பேச்சு ஆரம்பிக்கிறது. மேலோட்டமான ஒருமித்த கருத்தைவிட இந்த ஐந்து எண் இடைவெளி பயனுள்ளது.

ஊர் கூடித் தேர் இழுக்கும்போது வடத்தைப் பிடித்திருப்பவர்கள் எல்லோரும் இழுக்கிறார்கள் என்று சொல்ல முடியாது. மையக் குழுக்களிலும் அப்படித்தான். பலர் பொறுப்பேற்ற வேலை, யாரும் செய்யாத வேலையாக முடியும். ஒவ்வொரு வரிக்கும் ஒரே ஒரு பெயர் என்று கறாராக நிற்கும் தலைவர்கள் அதனால்தான் தேவைப்படுகிறார்கள்.

திட்டம் இருந்தும் இறந்த குழந்தை

விக்டோரியாவின் கதை ஒருங்கிணைப்பு இல்லாததால் நேர்ந்தது என்று நாடு புரிந்துகொண்டது. ஒருங்கிணைத்துவிட்டால் போதும் என்று நம்பியது. 2007 ஆகஸ்ட் 3-ம் தேதி அந்த நம்பிக்கை உடைந்தது.

பீட்டர் கானலி. 17 மாதக் குழந்தை. விக்டோரியா கடைசியாக வாழ்ந்த ஹாரிங்கே கவுன்சில் பகுதியிலேயே வாழ்ந்தவன். அவன் பெயர் 2006 டிசம்பரிலிருந்தே பாதுகாப்புப் பட்டியலில் இருந்தது. கூட்டங்கள் நடந்தன, மையக் குழு இருந்தது, வீட்டுக்கு ஆள்கள் போனார்கள். 8 மாதங்களில் சமூகப் பணியாளர், மருத்துவர், போலீஸ் என எல்லோருமாக அவனை ஏறத்தாழ 60 முறை பார்த்திருந்தார்கள். இறந்தபோது உடலில் 50-க்கும் மேற்பட்ட காயங்கள். கடைசி வாரங்களில் ஒரு முறை வந்த சமூகப் பணியாளருக்குக் காயங்கள் தெரியாமலிருக்க, அவன் முகத்தில் சாக்லேட்டைப் பூசி வைத்திருந்தார் தாய். அவர் அதிகாரிகளோடு சண்டை போட்டதில்லை. ஒத்துழைப்பவராகத்தான் காட்டிக்கொண்டார். வீட்டில் ஓர் ஆண் வசிக்கிறார் என்பதையே மறைத்தார்.

எல்லோரும் ஒரே மேசையில் இருந்தார்கள். ஆனால் பெரும்பாலோர் ஒரே கதையை நம்பினார்கள். பலர் சேர்ந்து ஒரு தவறை நம்பும்போது அது இன்னும் உறுதியாகிவிடுகிறது. ‘அம்மா முயற்சி செய்கிறார்’ என்ற முதல் மதிப்பீடு ஒரு கூட்டத்தின் குறிப்பிலிருந்து அடுத்த கூட்டத்தின் குறிப்புக்கு நகல் ஆகிக்கொண்டே போகும். அதை நிறுத்திக் கேள்வி கேட்பவர் வேண்டும். லேமிங் தன் அறிக்கையில் வலியுறுத்தியதும் அதைத்தான்: பெற்றோரை மரியாதையாக நடத்துங்கள், ஆனால் சொன்னதைச் சரிபாருங்கள்.

பீட்டரின் மரணத்துக்குப் பின் பத்திரிகைகளின் கோபம் சமூகப் பணியாளர்கள் மீது பாய்ந்தது. ஹாரிங்கேயின் இயக்குநர் ஷாரன் ஷூஸ்மித் 2008 டிசம்பரில், முறையான விசாரணை இன்றி நீக்கப்பட்டார். அது நியாயமற்றது என்று 2011-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாடு முழுக்க, பிள்ளைகளைத் தங்கள் பராமரிப்பில் எடுக்கக் கோரிக் கவுன்சில்கள் தாக்கல் செய்யும் மனுக்கள் பெருகின. பயம் முடிவெடுக்க ஆரம்பித்தது.

லண்டன் பொருளாதாரக் கல்லூரிப் பேராசிரியர் எய்லீன் மன்றோ 2011 மே மாதம் தந்த அறிக்கை, இந்தச் சுழலின் நடுவே வேறொரு கேள்வியை வைத்தது. ஒவ்வொரு மரணத்துக்குப் பின்னும் புது விதி, புது படிவம், புது காலக்கெடு சேர்த்துக்கொண்டே போனோம். அவற்றை நிரப்பும் நேரம் எங்கிருந்து வந்தது? குழந்தையோடு இருக்க வேண்டிய நேரத்திலிருந்துதான். படிவங்கள் சரியாக நிரப்பப்பட்டனவா என்று சோதிக்கும் அமைப்பு, குழந்தை நலமா என்று கேட்க மறந்துவிட்டது என்றார் அவர். விக்டோரியாவின் மரணத்தை அடுத்து, நாட்டின் எல்லாக் குழந்தைகளின் விவரங்களையும் சேர்க்கப் பெருஞ்செலவில் உருவாக்கிய ‘கான்டாக்ட் பாயின்ட்’ தகவல் தளமும் 2010 ஆகஸ்டில் மூடப்பட்டது.

வீடு மாறினால் கோப்பும் மாறுமா?

ஒருங்கிணைப்பு அறுந்துபோகும் இடங்கள் எவை என்பது இப்போது ஓரளவு தெரியும்.

முதலாவது, எல்லை. லண்டனில் மட்டும் தனித்தனிக் கவுன்சில் கொண்ட 32 போரோக்கள் (நகரப் பகுதிகள்), தனியே ‘சிட்டி ஆஃப் லண்டன்’. தற்காலிக வீட்டில் இருக்கும் குடும்பம் ஒரு தெருவைக் கடந்தாலே கவுன்சில் மாறிவிடலாம். திட்டத்தின் கீழ் உள்ள குழந்தை இடம்பெயர்ந்தால், புதிய கவுன்சில் தகவல் கிடைத்த 15 வேலை நாளுக்குள் கூட்டம் நடத்தித் திட்டத்தை ஏற்க வேண்டும். இடையில் யாருடைய பொறுப்பு என்ற குழப்பத்தில் குழந்தை விழுந்துவிடக் கூடாது. விக்டோரியா நான்கு கவுன்சில்களின் ஊடாக நழுவியவள்.

இரண்டாவது, ஆள் மாற்றம். கவுன்சில்களின் குழந்தைகள் பிரிவில் வேலை செய்யும் சமூகப் பணியாளர்களில் 2024-ல் ஏறத்தாழ ஆறில் ஒருவர் ஏஜென்சி மூலம் தற்காலிகமாக வந்தவர். புதிதாக வரும் ஒவ்வொருவரும் ‘பழையதை விடுவோம், புதிதாகத் தொடங்குவோம்’ என்று நினைத்தால், அந்தக் குடும்பத்தின் வரலாறு அங்கேயே அழிந்துபோகிறது. காலவரிசைத் தாளைப் படிக்காத சமூகப் பணியாளர், முதல் சந்திப்பில் கண்ட நல்ல நாளை வைத்தே முடிவெடுப்பார்.

மூன்றாவது, திட்டம் மூடப்படும் நாள். புதிதாகத் திட்டத்தின் கீழ் வரும் குழந்தைகளில் கிட்டத்தட்ட நான்கில் ஒருவர் முன்பே ஒரு முறை திட்டத்தின் கீழ் இருந்து வெளியேறியவர். வேலைப் பட்டியல் முடிந்தது என்பதற்காக மூடினார்களா, வாழ்க்கை மாறியது என்பதற்காக மூடினார்களா என்ற கேள்விக்கு இந்த எண் ஓர் எச்சரிக்கை.

நான்காவது, குடும்பத்தின் குரல். 2020-ல் சோலிஹல் நகரில் கொல்லப்பட்ட 6 வயது ஆர்தர் லபின்ஜோ-ஹியூஸின் முதுகில் இருந்த காயங்களைப் பற்றிப் பாட்டி அதிகாரிகளிடம் சொல்லியிருந்தார். அதே ஆண்டு, யார்க்‌ஷயரில் 16 மாத ஸ்டார் ஹாப்சனைப் பற்றி உறவினர்கள் அடுத்தடுத்து எச்சரித்தார்கள். குடும்பச் சண்டையில் சொல்லும் புகார் என்று அவை எளிதாகத் தள்ளப்பட்டன. இரு மரணங்களையும் ஆராய்ந்து 2022 மே மாதம் தேசிய ஆய்வுக் குழு தந்த அறிக்கை, துறைகளுக்கிடையே தகவல் பகிர்வும் கூட்டு விசாரணையும் பலவீனமாக இருந்ததைக் காட்டியது.

லண்டன் தமிழ்க் குடும்பங்களும் இந்த மேசையும்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தமிழை முதன்மை மொழியாகக் கொண்டவர்கள் 1 லட்சத்துக்கும் மேல். ஹாரோ, பிரென்ட், நியூஹாம், ரெட்பிரிட்ஜ் பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் ‘சோஷியல் சர்வீஸ்’ என்ற பெயரே அச்சமூட்டுவது. ‘அவங்க வந்தா பிள்ளையைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க’ என்ற பேச்சு பரவலாக உண்டு.

சட்டம் அப்படி இல்லை. பெற்றோரின் சம்மதம் இல்லாமல் பிள்ளையைப் பிரிக்கக் கவுன்சிலுக்கு நீதிமன்ற உத்தரவு வேண்டும். உடனடி ஆபத்து என்றால் போலீஸ் மட்டும் அதிகபட்சம் 72 மணி நேரம் பாதுகாப்பில் வைக்கலாம். பாதுகாப்புத் திட்டம் என்பது, குழந்தை பெரும்பாலும் வீட்டிலேயே இருக்க, வீட்டைச் சரிசெய்வதற்கான முயற்சி. பிள்ளையை அடிப்பது பற்றியும் தெளிவு தேவை. ஸ்காட்லாந்து 2020-லும் வேல்ஸ் 2022-லும் பெற்றோர் அடிப்பதை முற்றிலும் தடைசெய்துவிட்டன. இங்கிலாந்தில் ‘நியாயமான தண்டனை’ என்ற சட்டத் தற்காப்பு இன்னும் இருந்தாலும், உடலில் காயம் ஏற்படுத்தும் அடிக்கு அது உதவாது. ஊரில் சாதாரணம் என்று நினைத்த பிரம்படியின் தழும்பு, இங்கே மறுநாளே 47-ம் பிரிவு விசாரணையாகலாம்.

கவுன்சில்களுக்கும் பாடம் இருக்கிறது. 2012-ல் கவென்ட்ரியில் பட்டினியாலும் அடியாலும் இறந்த 4 வயது டேனியல் பெல்காவின் தாய்மொழி போலிஷ். பள்ளியில் குப்பைத்தொட்டியிலிருந்து உணவு எடுத்துத் தின்றதை ஆசிரியர்கள் பார்த்திருந்தார்கள். ஆனால், அவனுடைய வீட்டு வாழ்க்கையைப் பற்றி எந்த அதிகாரியும் அவனிடம் பேசியதாகப் பதிவே இல்லை. தமிழ்க் குடும்பங்களுக்கும் இது பொருந்தும். ஆங்கிலம் தெரிந்த மூத்த பிள்ளையை மொழிபெயர்க்க வைப்பது, அந்த வீட்டின் ரகசியத்தை அந்தப் பிள்ளையின் தோளிலேயே ஏற்றுவது. கணவரை மொழிபெயர்க்க வைத்தால் மனைவியின் குரல் கேட்காது. ஊர்க்காரரே மொழிபெயர்ப்பாளராக வந்தால், சிறிய சமூகத்தில் விஷயம் கோயில்வரை போய்விடுமோ என்று தாய் வாய் திறக்க மாட்டார். தொலைபேசி வழியாக, வேறு நகரத்திலிருந்து பேசும் மொழிபெயர்ப்பாளரைக் குடும்பம் கேட்கலாம் என்பதை முதல் நாளே சொல்லிவிடுவது நல்ல ஒருங்கிணைப்பின் பகுதி.

அடுத்த கட்டம்

2023 ஆகஸ்டில் சர்ரேயின் வோக்கிங் நகரில் 10 வயது சாரா ஷரீஃப் கொல்லப்பட்டாள். பிறந்தபோதே அவளுக்குப் பாதுகாப்புத் திட்டம் போடப்பட்டிருந்தது. அந்த ஆண்டு மார்ச்சில் முகத்தில் காயங்களைக் கண்ட பள்ளி தகவல் கொடுத்தது. சில நாள்களிலேயே கோப்பு மூடப்பட்டது. அடுத்த மாதம் அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, வீட்டிலேயே படிக்கவைப்பதாகச் சொல்லிவிட்டார்கள். அவளைத் தினமும் பார்த்துவந்த கண்கள் அதோடு விலகின.

2024 டிசம்பரில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அறிமுகமான குழந்தைகள் நலன், பள்ளிகள் மசோதா இந்த ஓட்டைகளைக் குறிவைத்தது. விசாரணையிலோ திட்டத்திலோ இருக்கும் குழந்தையை வீட்டுக் கல்விக்கு மாற்றக் கவுன்சிலின் அனுமதி கட்டாயம் என்றது. சமூகப் பணியாளர், போலீஸ், நர்ஸ், கல்வித் துறையினர் தற்காலிகமாகக் கூடிப் பிரியாமல் நிரந்தரமாக ஒரே குழுவாக இயங்க வேண்டும் என்றது. எல்லாத் துறைகளின் கோப்புகளிலும் ஒரே குழந்தையை ஒரே குழந்தையாக அடையாளம் காட்டும் எண் வேண்டும் என்றது. வழக்குக்குப் போகுமுன் தாத்தா, பாட்டி, சித்தப்பா, அத்தை என்று உறவுகள் கூடி முடிவெடுக்க வாய்ப்புத் தர வேண்டும் என்றது. கடைசி யோசனை நியூசிலாந்தின் மாவோரி மக்களிடமிருந்து வந்தது; அங்கே 1989 முதல் அது சட்டமாகவே இருக்கிறது.

இவை எல்லாம் தேவையானவை. ஆனால் 1974 முதல் நடந்ததைப் பார்த்தவர்கள் ஒரு நிபந்தனையோடுதான் வரவேற்பார்கள். புதிய குழுவும் புதிய எண்ணும் சமூகப் பணியாளரின் மேசையிலிருந்து ஒரு படிவத்தையாவது குறைத்தால் பலன் உண்டு. இன்னொரு படிவத்தைக் கூட்டினால் மன்றோ சொன்ன பள்ளத்திலேயே மறுபடி விழுவோம். தகவல்கள் சேர்ந்த பிறகு அவற்றைப் படிக்க நேரமுள்ளவரும், படித்தபின் ‘நான் இதை நம்பவில்லை’ என்று மேசையில் சொல்லத் துணிந்தவரும் வேண்டும். அந்தத் துணிச்சலுக்கு மேலதிகாரி ஆதரவு தர வேண்டும்; ஹாரிங்கேக்குப் பின் பரவிய பயம் அதைக் கொன்றுவிடும்.

ஒரு கவுன்சிலின் குழந்தைப் பாதுகாப்பு எவ்வளவு தரமானது என்பதை அறிய, அது எத்தனை கூட்டங்களைக் காலக்கெடுவுக்குள் முடித்தது என்ற பட்டியல் போதாது. ஏதாவது ஒரு மையக் குழுவின் குறிப்பை எடுத்து மூன்று கேள்விகள் கேட்டால் போதும்: இந்தக் குழந்தையைக் கடைசியாகத் தனியாகப் பார்த்துப் பேசியவர் யார்? என்றைக்கு? அவள் என்ன சொன்னாள்? மூன்றுக்கும் பதில் எழுதப்பட்டிருந்தால் அங்கே திட்டம் நடக்கிறது. இல்லையென்றால் அங்கே கூட்டம் மட்டும்தான் நடக்கிறது.